வெட்டாத பேர்

அஜய் உள்ளறையில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். அதே நேரத்தில் அவன் கோப்பு ஒன்றை ஏற்றியிருப்பதாக இந்துவின் லேப்டாப் சொன்னது.

மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின்னாலேயே மஞ்சுப்பனியும் இறங்கி ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றதால் வீட்டுக்குள் விளக்கு வைக்கிற வேளை மாதிரி இருட்டிக் கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம், ஓடையில் தண்ணீர் கல்லை உருட்டும் சத்தம், அதற்கும் கீழே எங்கோ வளைவில் ஒரு லாரி ஏற முடியாமல் முனகும் சத்தம் எல்லாம் ஒன்றாகக் குழைந்து காதில் விழுந்தன. ஈரக் கம்பளி வாசனையும் தைல வாசனையும் மூக்கை அடைத்தன. சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பை ஒட்டிய வாடகை வீடு அது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற மலையில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப்பில் முப்பத்தொரு சதவீதம் சார்ஜ் மிச்சமிருந்தது.

தம்பியின் போன் தானாக எதையாவது ஏற்றியிருக்கும் என்று எழுந்து போய்ப் பார்த்தாள். போன் தலைமாட்டு ஸ்டூலில் கவிழ்ந்து கிடந்தது. யாரும் தொட்ட மாதிரி இல்லை. அஜயின் நெற்றி தோசைக்கல்லாய்க் கொதித்தது. காலையில் மாரியம்மன் கோவிலில் வாங்கி வந்து அவள் கட்டிவிட்ட மஞ்சள் கயிறு அவன் மணிக்கட்டில் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. லீவுக்கு அவன் அனுப்பிய காரணம் ஒரே வார்த்தை: பனி. மலையாளி மானேஜருக்கு அது காய்ச்சல். தமிழில் படித்தால் வெளியே நிற்கிற இதே சனியன். இரண்டுமே சரிதான். நேற்று கருந்தேரி டிவிஷனில் மண் சரிந்த இடத்தில் நின்று மிச்சமிருந்த தேயிலைச் செடிகளை எண்ணிவிட்டு, பனியில் நனைந்து வந்துதான் பனி பிடித்துப் படுத்தான்.

அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் இன்னொரு கோப்பு வந்திருந்தது.

இந்துவுக்குத் தேயிலைக் கம்பெனியில் ஒரே வேலை, கோப்புகளுக்குக் காவல். ஏழு டிவிஷன்களின் நில வரைபடம், தொழிலாளர் லயத்து வீட்டுப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு, மஸ்டர் என்கிற ஆள் வருகைப் பதிவு எதுவும் இப்போது காகிதத்தில் இல்லை, எல்லாம் கிளவுடில். யார் எதைத் திறக்கலாம், யாரோடு பகிரலாம் என்று அனுமதி கொடுப்பதும் பிடுங்குவதும் அவள்தான். அந்த அதிகாரம் இந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும். அது அவளே வாதாடி வாங்கிய பாதுகாப்பு. இதையெல்லாம் கருந்தேரியில் முதன்முதலாக விளக்கியபோது, தினமும் விடியலில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற ரைட்டர் பிச்சைமணி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாம இருக்கதே மேகத்துக்குள்ளதான். நீ இன்னும் எந்த மேகத்துல கொண்டு வைக்கப் போற?"

அன்றிலிருந்து அவர் வாயில் அவள் பேர் மேகக்காரி. வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் கோப்பின் விவரத்தைத் திறந்தாள். மஸ்டர் நம்பர் நானூற்றுப் பதினேழு. பெயர் அஜய். எந்தச் சாதனத்திலிருந்து என்ற கட்டத்தில் டேப் 9 என்று இருந்தது.

இந்து அந்த வரியை மூன்று தரம் படித்தாள். டேப் 9, கருந்தேரியில் மஸ்டர் எடுக்கிற டேப்லெட், பிச்சைமணியின் கையோடு மண்ணுக்குள் போனது.

ஆடி மாதம் ஒரு விடியலில் கருந்தேரி மஸ்டர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சரிவு பிளந்து வந்தது. ஆட்கள் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து டேபைத் திறந்துவைத்துக் காத்திருந்த பிச்சைமணி மட்டும் போனார். பதினொரு நாள் தோண்டினார்கள். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. ஒடம்பு கிடைக்கவில்லை.

தோட்டத்தில் மஸ்டர் நம்பர் என்பது வெறும் நம்பர் அல்ல. ஒருவர் போனால் அது அந்த வீட்டு ஆளுக்குப் போகும். வாங்கிக்கொள்கிறவர் அவருடைய இடத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். ஒடம்பு கிடைக்காதவர் பேரை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. வெட்டினால் திரும்பி வருகிறவருக்கு நிற்க இடமிருக்காது என்பார்கள். பிச்சைமணிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவர் தங்கை குருவம்மாள் இதே வீட்டு வாசலில் குடையை மடக்காமல் நின்று கேட்டது இந்துவுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஒடம்பு கெடைக்கிற வரைக்கும் எங்கண்ணன் பேர வெட்டிராதம்மா. ஒன்னைக் கையெடுத்துக் கும்புடுதேன்."

"வெட்ட மாட்டேங்க்கா" என்று இவளும் சொன்னாள்.

சொன்ன சொல்லை இந்து காப்பாற்றினாள். வெட்டவில்லை. மாற்றினாள்.

ரைட்டர் வேலை காலியாக இருந்தது. அஜய் இரண்டு வருஷமாக வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தான். திங்கட்கிழமை காலையில் மஸ்டர் எடுக்கத் தயாராக யார் நிற்கிறானோ அவனுக்குத்தான் வேலை என்றார் மானேஜர். புது ஆளுக்குப் புதுக் கணக்கு திறக்கத் தலைமை ஆபீஸ் ஒரு மாதம் ஆக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானூற்றுப் பதினேழைத் திறந்து, பிச்சைமணி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்து, அஜய் என்று அடித்தாள். பேரை மாற்றும் முன் போனவரின் சாதனங்களைக் கழற்ற வேண்டும் என்பது விதி. மண்ணுக்குள் போன டேப் எந்த டவரைப் பிடிக்கப் போகிறது என்று அதை அப்படியே விட்டாள். நல்ல காரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு முள் உறுத்தத்தான் செய்தது. தம்பியின் முதல் நாள் சிரிப்பில் அதை மறந்துவிட்டாள்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. டேப் 9-க்கு நேரே சார்ஜ் நூறு சதவீதம் என்று காட்டியது.

முதல் கோப்பு ஒரு போட்டோ. முழுக்கக் கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தபோது கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு தெரிந்தது; ஈரமாக, மடிப்பு மடிப்பாக, நடுவில் வெள்ளையாக ஏதோ மெல்லிய வேர். அவள் மூக்கில் மண் வாசனை ஏறியது. மழை பெய்தால் மண் வாசனை வரத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இது மழை மண் வாசனை இல்லை. கிழங்கு தோண்டும்போது அடியிலிருந்து வருமே, அந்த வாசனை.

மூன்றாவது கோப்பு ஒலிப்பதிவு. ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சேற்றுக்குள்ளிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம். அதற்குப் பிறகு, அவசரமே இல்லாமல், ஒரு குரல்.

"மாரீஸ்வரி."

இடைவெளி.

"ராக்கப்பன்."

இடைவெளி.

"கத்தரீனாள்."

கருந்தேரி மஸ்டர். அதே வரிசை, ஒவ்வொரு பேருக்கும் பிறகு பதிலுக்காக விடுகிற அதே இடைவெளி. பிச்சைமணிக்கு ஒரு வேடிக்கை உண்டு. எல்லாப் பேரும் முடிந்த பிறகு கடைசியில் தன் பேரைத் தானே கூப்பிட்டு, தானே "இருக்கேன்" என்று பதில் சொல்வார். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் தினமும் அதற்குச் சிரிப்பார்கள். இந்து கடைசிப் பேருக்காகக் காத்திருந்தாள். இருக்கேன் என்று அவர் சொல்லிவிட்டால், பழைய பதிவு ஏதோ தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம்.

"அஜய்" என்றது குரல்.

இந்த இடைவெளி நீளமாக இருந்தது.

"அஜய்."

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். போனை எடுத்தாள். கம்பெனியில் இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். தேயிலை பாக்டரியில் ஸ்டோர் பார்க்கிற இன்னாசிராஜ், பிச்சைமணிக்கு முப்பது வருஷக் கூட்டாளி. நாலாவது மணியில் எடுத்தார். அவருக்குப் பின்னால் கொழுந்து வாட்டுகிற விசிறிகள் ஜெனரேட்டரில் இரைந்தன.

"அண்ணே, கருந்தேரியில இன்னைக்கு யாரும் மண்ணு தோண்டுதாங்களா?"

"இந்த மழையிலயா? யாரு பாப்பா தோண்டுவா?"

"பிச்சைமணியண்ணன் டேப்பு யாரு கையிலயாச்சும் கெடச்சுதா?"

"ஏன் கேக்க?"

அவள் ஹெட்போன் வயரைக் கழற்றி, போனை லேப்டாப்பின் பக்கத்தில் வைத்து, பதிவை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டாள். அந்தப் பக்கம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் இன்னாசிராஜ் தொண்டையைச் செருமினார்.

"அவன் சத்தந்தான். கடேசியில தம் பேரையில்ல கூப்புடுவான்? இது ஒந்தம்பி பேரால்ல இருக்கு?"

இந்து திரையில் நின்ற தம்பி பேரைப் பார்த்தாள்.

"பாப்பா, அவன் நம்பர என்ன பண்ணுன? வெட்டிட்டியா?"

"வெட்டலண்ணே. மாத்துனேன்."

"ஏசுவே."

"தம்பிக்கு வேல கெடைக்கட்டும்னுதான்ணே..."

"வெட்டிருந்தாக்கூட எடம் சும்மா கெடந்துருக்கும். நீ அதுல ஆள ஏத்திவிட்டுருக்க. ஒடம்பே கெடைக்காத மனுசன் எங்கன போயி நிப்பான்?" அவர் குரல் இறங்கியது. "அவன் பேர அவனுக்குத் திருப்பிக் குடுத்துரு. இப்பவே. ஒந்தம்பி பதில் சொல்லுததுக்கு முன்னாடி."

"என்ன பதில்ணே?"

லைன் அறுந்துவிட்டது. அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ராக்கப்பன்."

அஜயின் போன். ஒரே கணக்கு என்றால் கோப்பு எல்லாச் சாதனத்துக்கும் போகும். இங்கே வந்தது அங்கேயும் வந்திருக்கும். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். பத்து நிமிஷம் முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டிய விஷயம்.

"கத்தரீனாள்."

அவள் ஓடினாள். வாசலில் கால் வழுக்கியது. அறைக்குள் தைல வாசனை இல்லை. கிழங்கு மண் வாசனை. அஜய் மல்லாந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. உதடு அசைந்தது. ஸ்டூலில் போன் தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது.

"அஜய்."

"ம்" என்றான் தம்பி.

"டேய், பேசாத!" அவள் போனைப் பிடுங்கினாள். சத்தத்தைக் குறைக்கிற பட்டனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். குரல் தேய்ந்து தேய்ந்து, இல்லாமல் போனது. "அஜய், அக்காவப் பாரு. யாரு கூப்பிட்டாலும் பேசாத. நான் கூப்பிட்டாக்கூடப் பேசாத. கேக்குதா?"

அவன் தலையை ஆட்டினானா, காய்ச்சலில் ஆடியதா, தெரியவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு லேப்டாப்புக்கு ஓடினாள்.

சார்ஜ் நாலு சதவீதம். முப்பத்தொன்று எப்படி நாலானது?

பதினொரு புதுக் கோப்புகள். பன்னிரண்டு.

முதலில் கணக்கிலிருந்து ஆளை வெளியேற்று. இரண்டாவது, சாதனங்களைக் கழற்று. மூன்றாவதாகத்தான் பேரைத் தொடு. ஏழு டிவிஷனுக்கும் வாய்ப்பாடு மாதிரி இதைச் சொல்லிக்கொடுத்தவள் இந்துதான். வரிசை தப்பினால் உள்ளே இருக்கிறவன் மேலேயே புதுப் பேர் போய் விழும் என்று உதாரணத்தோடு சொல்லியிருக்கிறாள்.

மூன்று சதவீதம்.

வெளியேற்றுகிற பக்கம் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. பதினான்கு கோப்புகள். பேர் இருக்கிற பக்கம் மட்டும் உடனே திறந்தது. அஜய். நாலே தட்டில் அழிந்தது. பிச்சைமணி. விரல் வழுக்கி ஒரு முறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். சேமி.

மழை நின்றது.

சட்டென்று நின்றது. தகரத்தில் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. கோப்புகள் பதினான்கோடு நின்றுவிட்டன. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. ஒன்றும் வரவில்லை. இந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. நாளைக்கே குருவம்மாளைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தம்பிக்கு வேலை போனால் போகட்டும், உயிரோடு கண் முன்னால் கிடந்தால் போதும் என்று நினைத்தாள். மனசாரத்தான் நினைத்தாள்.

கையை எடுத்தபோது திரையின் அடியில் ஒரு சின்னச் செய்தி நின்றிருந்தது. பெயர் மாற்றம் இணைந்துள்ள இரண்டு சாதனங்களுக்கும் சென்று சேர்ந்தது: டேப் 9, அஜய் போன்.

இரண்டு.

உள்ளறையில் கட்டில் முனகியது. கம்பளி தரையில் விழுகிற சத்தம். கால் தரையில் பதிகிற சத்தம். ஈரக் கால்.

"அஜய்?"

பதில் இல்லை. நான் கூப்பிட்டாலும் பேசாதே என்று சொன்னது நினைவு வந்தது. அதனால்தான் பேசவில்லை. அதனால்தான்.

கதவுத் திரைச்சீலை விலகியது. தம்பிதான். தம்பியின் முகம், தம்பியின் சட்டை, மூன்று நாள் தாடி. காய்ச்சல் விட்டிருந்தது போல. முகம் தெளிவாக இருந்தது. அவன் நேராக அடுப்படிப் பலகையில் வந்து உட்கார்ந்தான். அஜய் அங்கே உட்கார மாட்டான்; வீட்டுக்கு வந்தால் பிச்சைமணி உட்காருகிற இடம் அது.

"என்ன மேகக்காரி" என்றான். "ஒரு கட்டன் கெடைக்குமா? கருப்பட்டி இருந்தா ஒரு துண்டு குடு. கடிச்சிக்கிடுதேன்."

அவள் அசையவில்லை. அஜய் பால் இல்லாமல் தேநீர் குடித்ததே இல்லை. அவன் கையைப் பார்த்தாள். நகக் கண் ஒவ்வொன்றிலும் கறுப்பு மண். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கயிறு இல்லை.

லேப்டாப் ஒரு முறை ஒலித்தது.

புதுக் கோப்பு. நானூற்றுப் பதினேழு. டேப் 9. போட்டோ. கறுப்பு. ஆனால் இந்த முறை முழுக்கக் கறுப்பு இல்லை. பக்கத்தில் எங்கோ திரையின் வெளிச்சம் விழுந்திருந்தது. ஈர மண். வேர். மண்ணுக்குள்ளிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை. அதன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

அவள் பேர் இருக்கிற பக்கத்துக்குப் பாய்ந்தாள். அழித்தாள். அ என்று அடித்தாள். ஜ என்று அடித்தாள்.

திரை அணைந்தது.

பட்டனை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. கறுத்த திரையில் அவள் முகமும், அவளுக்குப் பின்னால் பலகையில் பொறுமையாக உட்கார்ந்திருந்த உருவமும் தெரிந்தன. அவன் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தான். கையில் போன் இருந்தது. ஒரு விரலால் சத்தத்தைக் கூட்டினான்.

சேற்றிலிருந்து எதையோ பிடுங்குகிற சத்தம். பிறகு, மூச்சு முட்டி, வாய்க்குள் மண்ணோடு, ஒரு குரல்.

"அக்கா."

இடைவெளி.

"அக்கா, இருட்டா இருக்குக்கா. தொறக்கா."

இந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் போனை அவள் முன்னால் வைத்துவிட்டுக் குனிந்தான். கருந்தேரிக் கொட்டகையில் பார்த்த பிச்சைமணியின் அதே கண்ணடிப்பு. கிழங்கு மண் வாசனை.

"இது அஜய் சத்தமுல்ல? பாவம், சின்னப் பய." அவன் அவள் தோளில் கை வைத்தான். கை குளிர்ந்து கனத்தது. "ஒடம்பு கெடைக்கிற வரைக்கும் அவன் பேர வெட்டிராத, மேகக்காரி."

பிறகு அடுப்படிக்குப் போய்க் கருப்பட்டி டப்பாவைத் தேட ஆரம்பித்தான். தரையில் போன் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அக்கா என்றது. ஒவ்வொரு தரமும் பதிலுக்காகக் காத்திருந்தது.